அவதி என்றால் விடுமுறை: கேரள எல்லையோரத் தமிழ் மாணவரும் உயர்கல்வியும்



இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையை ஏற்படுத்தியவர் ஒரு பள்ளிக்கூடத் தமிழாசிரியர். ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பங்கை வங்கியில் போட்டு, அதன் வட்டியில் ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவு நடக்கட்டும் என்று எழுதிவைத்தார். மேடையில் தம் பெயரைச் சொல்லக் கூடாது என்பதும் அவர் போட்ட நிபந்தனை. அவர் சொல்லைத் தட்ட எனக்குத் துணிவில்லை. எட்டாம் வகுப்பில் அவர் கையால் காது திருகப்பட்டவன் நான்.

தலைப்பை அறிவித்தபோது யார் யார் சிரித்தார்கள் என்று கவனித்தேன். தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு முடித்து, மலையாளம் புழங்கும் கல்லூரிக்குப் போனவர்கள் சிரித்தார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1978-இல் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரியில் பிரீ-டிகிரி சேர்ந்தேன். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம். இரண்டாவது வாரம் பியூன் ஒரு சுற்றறிக்கை கொண்டுவந்தார். ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, 'நாளெ அவதியாணு' என்றார். வகுப்பே ஆரவாரித்தது. நாளைக்கு ஏதோ அவதி வரப்போகிறது, அதற்கு ஏன் இவ்வளவு கொண்டாட்டம் என்று எனக்குப் புரியவில்லை. மறுநாள் முதல் ஆளாகப் போய் நின்றேன். கேட் பூட்டிக் கிடந்தது. மலையாளத்தில் அவதி என்றால் விடுமுறை.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடியது. அடுத்தது அப்படியல்ல. அரசியல் பாடத்துக்கு ஆசிரியர் மலையாளத்தில் குறிப்புச் சொல்வார். எனக்கு மலையாள எழுத்து வேகமாக வராது. அதனால் காதில் விழுந்த மலையாளத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். தமிழில் ஒரு 'க'தான், மலையாளத்துக்கு நாலு. 'பரணகடன' என்று ஒரு சொல் பக்கத்துக்குப் பத்து இடத்தில் வந்தது. பரணுக்கும் கடனுக்கும் என்ன சம்பந்தம் என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பொருளியல் நோட்டிலும் 'சம்பத்கடன' என்று இன்னொரு கடன் இருந்தது. மலையாளிகள் எல்லாப் பாடத்திலும் கடனைப் பற்றியே படிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

விடுதியில் அடுத்த கட்டிலில் மூணாற்றுக்காரர் ஒருவர் இருந்தார், பி.ஏ. மாணவர். ஒருநாள் என் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை. 'தம்பி, இது கடன் இல்ல. கட்டமைப்பு. பரணகடனன்னா அரசியல் சட்டம். சம்பத்கடனன்னா பொருளாதாரம்' என்றார். பென்சிலால் ஒவ்வொரு சொல்லின் தலைக்கு மேலும் மலையாள எழுத்தில் எழுதிக் காட்டினார். அன்று முதல் இரவுச் சாப்பாடு முடிந்ததும் அரைமணி நேரம் அவர் எனக்கு மலையாள வாத்தியார். ஊரிலிருந்து அவர் அப்பா கொடுத்தனுப்பிய தேயிலைப் பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருந்த எழுத்துகள்தான் என் முதல் பாடம். நான் தேறியதற்கு அந்த அரைமணிகளே காரணம்.

அவர் தேறவில்லை. தேர்வுக்கே உட்காரவில்லை. எஸ்டேட்டில் வேலை இருக்கும் வரைதான் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், அதாவது லயத்தில், வீடு. வேலை செய்தவர் ஓய்வு பெற்றால் வீட்டை ஒப்படைக்க வேண்டும். குடும்பத்தில் இன்னொருவர் பேர் பதிந்தால் தொடர்ந்து இருக்கலாம். இறுதியாண்டில் அவர் அப்பாவுக்கு ஓய்வு வந்தது. அந்த மூணாற்று அண்ணன் டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறிப் போய்ப் பேர் பதிந்தார். எனக்குக் கைகொடுத்தவருக்குக் கைகொடுக்க அந்தக் கல்லூரியில் யாரும் இல்லை. நானும் அப்போது சிறுவன்.

இன்றைக்கு நான் சொல்லவந்த செய்தி இதற்குள்ளேயே இருக்கிறது. மாணவரைக் கல்லூரிக்குள் சேர்ப்பது மதிப்பெண்ணும் சான்றிதழும். உள்ளே தரிக்கவைப்பது கூட இருக்கும் மனிதர்கள். முதல் பாதிக்குச் சட்டம், விதி, அலுவலகம் எல்லாம் வைத்திருக்கிறோம். இரண்டாம் பாதியை அடுத்த கட்டில் அண்ணனின் நல்ல மனதுக்கு விட்டுவிட்டோம்.

கோடு விழுந்த நாள்

எல்லையோரத் தமிழர் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். வந்த வழி ஒன்றல்ல. நாம் கூடியிருக்கும் இந்தப் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. பாலக்காடும் அட்டப்பாடியும் மலபார் ஜில்லா; சென்னை மாகாணம். தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கத்துத் தமிழர் பலர் தலைமுறை தலைமுறையாக இதே மண்ணில் நிலக்கடலையும் சோளமும் விதைத்தவர்கள். மூணாற்றுத் தமிழரின் முன்னோரை, தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணிகள் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து மலையேற்றிக் கொண்டுவந்தார்கள். 1877-இல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கியதில் தொடங்குகிறது அந்தக் கதை.

மொழிவாரி மாநிலப் பிரிப்பில் 1956 நவம்பர் 1 அன்று கோடு விழுந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போயின. தேவிகுளமும் பீர்மேடும் தமிழர் கேட்டும் கிடைக்காமல் கேரளத்தில் நின்றன. அன்றைக்குக் காலையில் படுக்கையை விட்டு எழுந்த ஒரு மாணவர், எந்த ஊருக்கும் போகாமலே சிறுபான்மையாகிவிட்டார். 2011 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஐந்து லட்சம் பேர் அளவில். மாநில மக்கள்தொகையில் ஒன்றரை விழுக்காடு. இடுக்கி மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்குப் பதினேழு பேர்.

இதை வைத்து மலையாளத்தின் மேல் குறை சொல்ல நான் வரவில்லை. மலையாளத்தின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சனின் குருமடம் இதே சித்தூரில், ஆற்றங்கரையில் இருக்கிறது. தமிழ்நாடு தன் வாழ்த்துப் பாடலை எடுத்துக்கொண்ட 'மனோன்மணீயம்' நாடகத்தை எழுதிய சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரத்தில் தத்துவம் கற்பித்தவர். இரண்டு மொழியும் ஒன்றின் திண்ணையில் ஒன்று உட்கார்ந்து பேசிய ஊர்கள் இவை. அந்தத் திண்ணையில் இன்றைய முதலாண்டு மாணவருக்கு இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

தொடக்கநிலையோடு நின்றுவிடும் வாக்குறுதி

அரசியல் சட்டத்தில் 350-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்குப் போதிய வசதி செய்ய மாநிலம் முயல வேண்டும் என்பது அதன் சாரம். இது ஏழாவது திருத்தத்தில் சேர்ந்தது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளும் 1956 நவம்பர் 1. கோடு போட்ட கையே அன்றைக்கே இந்த வாக்குறுதியையும் எழுதிக் கொடுத்திருக்கிறது. ஆனால் வாக்குறுதி 'தொடக்கநிலை' என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது.

கேரளம் அந்தச் சொல்லைத் தாண்டியும் சில செய்திருக்கிறது, மறைக்கக் கூடாது. பத்தாம் வகுப்பு வரை தமிழில் பாடநூல் அச்சிடுகிறது. எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாள் தமிழிலும் வருகிறது. அரசுப் பணித் தேர்வாணையம், விண்ணப்பத்தில் கேட்டால், மலையாள வினாத்தாளுக்குப் பதில் தமிழ் வினாத்தாள் தருகிறது. 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தின்படி தமிழரும் கன்னடரும் தங்கள் மொழியில் அரசுக்கு எழுதலாம். அதே மொழியில் பதில் பெறலாம். இந்த மாவட்டத்தில் சித்தூர் அரசுக் கல்லூரியிலும் பாலக்காடு விக்டோரியா கல்லூரியிலும் தமிழ்த்துறைகள் உண்டு.

இடைவெளி எங்கே விழுகிறது? தமிழ் இலக்கியம் எடுக்காத மாணவரிடம். வேதியியலோ வணிகவியலோ எடுத்தவருக்கு வினாத்தாள் ஆங்கிலத்தில் வரும். ஆசிரியர் விளக்குவது மலையாளத்தில். மாணவர் தனக்குள் விளங்கிக்கொள்வது தமிழில். ஒரே மணி நேரத்தில் மூன்று மொழி கடக்க வேண்டும். பக்கத்துப் பெஞ்சுக்காரர் ஓர் ஆறு தாண்டும்போது இவர் இரண்டு ஆறு தாண்டுகிறார். தோற்றால் 'கெட்டிக்காரத்தனம் போதாது' என்று எழுதிவிடுகிறோம்.

சொல் விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சட்டப்பேரவையிலேயே சான்று உண்டு. 2021 மே மாதம் தேவிகுளம் உறுப்பினர் அ. ராஜா தமிழில் பதவியேற்றார். அவர் கைக்குக் கொடுத்த தமிழ் வாசகத்தில், கடவுள் பெயரால் என்றோ உளமார என்றோ சொல்ல வேண்டிய இடம் விடுபட்டிருந்தது. ஜூன் மாதம் அவர் மறுபடியும் உறுதிமொழி எடுக்க நேர்ந்தது. அரசாங்கத்தின் மொழிபெயர்ப்பிலேயே சொல் நழுவும்போது, பதினேழு வயதுப் பிள்ளையின் நோட்டில் நழுவுவதை ஏன் குற்றமாக்குகிறோம்?

1950-இல் உங்கள் தாத்தா எங்கே இருந்தார்?

மொழியை விடக் கூர்மையான தடை சான்றிதழ். பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வந்தது 1950 ஆகஸ்ட் 10 அன்று. ஒருவர் எந்த மாநிலத்துப் பட்டியலில் சேர்வார் என்பதைக் குடும்பம் அந்த நாளில் எங்கே குடியிருந்தது என்பது தீர்மானிக்கிறது. பின்னால் வந்தவர்களுக்கு, சாதிப் பெயர் கேரளப் பட்டியலில் இருந்தாலும், சலுகை கிடையாது. மூணாற்றிலும் வண்டிப்பெரியாற்றிலும் கொழுந்து கிள்ளும் பள்ளர், பறையர், சக்கிலியர் குடும்பங்கள் பலவற்றுக்கு இதுதான் சிக்கல். பாட்டி எப்போது மலையேறினாள் என்று தாசில்தார் கேட்கிறார். பட்டா கிடையாது. வீடு கம்பெனியுடையது. காகிதம் எதுவும் பாட்டி பெயரில் இல்லை.

சான்றிதழ் இல்லாவிட்டால் இ-கிராண்ட்ஸ் உதவித்தொகை இல்லை, கட்டணச் சலுகை இல்லை, இடஒதுக்கீடு இல்லை. சேர்க்கை நேரத்தில், இணையத்தில் விண்ணப்பிக்க உதவும் அக்ஷயா மைய வாசலில் அழுத கண்ணோடு நிற்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அலாட்மென்ட் கிடைத்திருக்கும். சேரக் கடைசி நாள் அன்றைக்குத்தான்.

இது ஏழைக் குடும்பத்தோடு நிற்கும் சிக்கல் என்று நினைக்காதீர்கள். அதே தேவிகுளம் உறுப்பினரின் தேர்தல், பட்டியல் சாதித் தனித்தொகுதியில் நிற்க அவருக்குத் தகுதி இல்லை என்று 2023-இல் கேரள உயர்நீதிமன்றத்தில் ரத்தாகி, 2025 மே மாதம் உச்சநீதிமன்றத்தில் மறுபடி செல்லுபடியாயிற்று. மதம் பற்றிய கேள்வியோடு, அவருடைய முன்னோர் 1950-க்கு முன்பே கேரளத்துக்கு வந்தவர்களா என்பதும் அந்த வழக்கில் அலசப்பட்டது. வழக்கறிஞர் வைக்க முடிந்தவருக்கு உச்சநீதிமன்றம் வரை வழி இருக்கிறது. பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு, கடைசி நாள் மாலை ஐந்து மணி வரைதான் வழி.

சரி, மலை இறங்கித் தமிழ்நாட்டுப் பக்கம் போகலாமே என்பீர்கள். போகிறார்கள். பூப்பாறைப் பிள்ளைகள் போடிக்கும் தேனிக்கும், குமுளிப் பிள்ளைகள் உத்தமபாளையத்துக்கும், மறையூர்ப் பிள்ளைகள் உடுமலைக்கும், நம் பிள்ளைகள் பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் காலைப் பஸ்ஸில் போகிறார்கள். அங்கே போனால் இவர்கள் கேரளத்துக்காரர்கள். கேரளச் சாதிச் சான்று அங்கே இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவத்தில் 2020-இல் தந்த 7.5 விழுக்காடு, 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் எல்லாம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டத்தை 2024 ஆகஸ்டில் தொடங்கிவைத்தது கோயம்புத்தூரில். வாளையாற்றுச் சோதனைச்சாவடியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். இந்தப் பக்கத்து அரசுப் பள்ளியில் தமிழிலேயே படித்த பிள்ளை அந்தப் புதல்வர் கணக்கில் வருவதில்லை. இங்கே தமிழரைக் கேலியாகச் சொல்லும் 'பாண்டி', அங்கே 'கேரளா'. இரண்டு வீட்டுக்கும் உறவு, இரண்டு பந்தியிலும் இலை இல்லை.

லயத்திலிருந்து விடுதிக்கு

மூணாற்றுத் தேயிலைத் தோட்டப் பெண்கள் 2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் தெருவில் உட்கார்ந்தபோது ஒரு நாள் கூலி 232 ரூபாய். போராட்டத்துக்குப் பிறகு 301 ஆயிற்று. விடுதியின் மெஸ் பில்லை அந்தக் கூலியால் வகுத்துப் பாருங்கள். எத்தனை நாள் கொழுந்து என்று தெரியும். எந்தக் கல்விக் குழு அறிக்கையையும் விட அந்த வகுத்தல் கணக்கு நிறையச் சொல்லும்.

மலையில் மழையும் படிப்பைப் பறிக்கும். 2018 ஆகஸ்ட் பெருமழையில் மூணாறு அரசுக் கல்லூரிக் கட்டடம் மண்சரிவில் போயிற்று; வகுப்புகள் இரவல் இடத்துக்கு மாறின. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் லயங்களின் மேல் மலை சரிந்து எழுபது பேர் மாண்டார்கள். அவர்களில் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போய்க்கொண்டிருந்த பிள்ளைகளும் உண்டு.

இன்னொரு பெயரைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. வட்டவடையைச் சேர்ந்த அபிமன்யு, எறணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் வேதியியல் படித்தவர். 2018 ஜூலை 2 அன்று வளாகத்தில் குத்திக் கொல்லப்பட்டார். அவர் சார்ந்த அரசியலுக்குள் நான் போகவில்லை. தமிழ் பேசும் மலைக்கிராமத்திலிருந்து போன ஒரு பையன், மலையாளிகள் நிறைந்த பெரிய கல்லூரியில் எல்லாருக்கும் வேண்டியவனாக இருந்தான் என்பது மட்டும் என் மனதில் நிற்கிறது. 'நான் பெத்த மகனே' என்று அவன் தாய் தமிழில் கதறியதைக் கேரளம் முழுவதும் மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்துகொண்டது. அந்தச் சொற்களே பின்னால் ஒரு மலையாளப் படத்துக்குப் பெயராயின. வட்டவடையில் அவன் பெயரில் நூலகம் எழுந்தது. மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் புத்தகங்கள் வந்து குவிந்தன. அவ்வளவு பெரிய மனம் இந்த மாநிலத்துக்கு இருக்கிறது. அந்த மனம் திறக்க ஒரு சாவு தேவைப்பட்டதே என்பதுதான் என் வருத்தம்.

நம் வீட்டுக்குள்ளும் பார்ப்போம்

உதவி கேட்கும் கை சுத்தமாக இருக்க வேண்டும். முதலமடை ஊராட்சியில் கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனிச் சக்கிலியர் மக்கள் தங்கள் மேல் தீண்டாமை காட்டப்படுவதாகச் சொன்னது 2017-இல் செய்தியாயிற்று. அவர்களை ஒதுக்கியதாகப் புகாருக்கு ஆளானவர்களில் அதே ஊரின் தமிழ் பேசும் மேல்சாதியாரும் உண்டு. கல்லூரியில் 'பாண்டி' என்று கேலி செய்தால் நாம் கொதிக்கிறோம். அந்தக் காலனிப் பிள்ளை நம் தமிழ் மன்றத்தில் எந்த வரிசையில் உட்காருகிறது என்று ஒருநாளாவது பார்த்தோமா?

மலைவாழ் மக்கள் பற்றியும் ஒரு சொல். அட்டப்பாடி இருளர் பேச்சும் இடுக்கி முதுவர் பேச்சும் நம் காதுக்குத் தமிழ் போலவே ஒலிக்கும். எண்ணிக்கை காட்ட அவர்களைத் தமிழர் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் ஆசை நமக்கு உண்டு. அது வேண்டாம். அவர்கள் மொழி அவர்களுடையது. இடமலைக்குடி 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி ஆயிற்று. அட்டப்பாடிக்கு இப்போது ஓர் அரசுக் கல்லூரி இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு நாம் அடுத்த கட்டில் அண்ணனாக இருக்கலாம். அவர்கள் பெயரில் மனு எழுதும் கங்காணியாக வேண்டாம்.

பிறர் செய்து காட்டியது

அறக்கட்டளை என்ன செய்யும் என்பதற்குத் திருவனந்தபுரமே சாட்சி. 1940களில் அழகப்பச் செட்டியார் தந்த கொடையில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை தொடங்கியது. 1950களின் தொடக்கத்தில் வையாபுரிப் பிள்ளை அங்கே பேராசிரியர். பின்னால் அந்தத் துறையை நடத்திய வ.அய். சுப்பிரமணியம், 1981-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஆனார். மலையாள நாட்டில் போட்ட வித்து தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு நிழல் தந்தது.

இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கம் 'இளங்கதிர்' என்று ஒரு மலர் நடத்தியது. பல்கலைக்கழகத்தைச் சுற்றித் தேயிலை மலை. அந்த மலையில் நம் மூணாற்றாரைப் போலவே கங்காணி கொண்டுபோன மக்கள். 1948-இல் குடியுரிமையே பறிபோன அந்தச் சமூகத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த பிள்ளைக்குத் தன் எழுத்தை அச்சில் பார்க்க ஓர் இடம் இருப்பது சின்ன விஷயம் அல்ல.

வேல்ஸ் நாட்டில் 2011-இல் ஒரு தேசியக் கல்லூரி ஏற்படுத்தினார்கள். அதற்கென்று தனி வளாகம் கிடையாது. இருக்கிற பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே வேல்ஸ் மொழியில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், அந்த மொழியில் படிக்கும் மாணவர்களுக்கும் பணம் தருவதே அதன் வேலை. நமக்குப் பொருந்துவது இந்த வழி. தனியாகத் தமிழ்ப் பல்கலைக்கழகம் கட்டி வேலி போட்டால் பிள்ளைகள் வேலிக்குள்ளேயே வளர்வார்கள். கோழிக்கோட்டின் கீழும் மகாத்மா காந்திப் பல்கலைக்கழகத்தின் கீழும் இருக்கிற கல்லூரிகளுக்குள்ளேயே தமிழ் பேசும் ஒரு மூலை வேண்டும்.

ஐந்து கோரிக்கைகள்

முதலாவது, வகுப்பு தொடங்கும் முன் மூன்று வார இணைப்புப் பயிற்சி. மலையாள எழுத்து, குறிப்பெடுக்கும் முறை, பாடத்துக்கு இருநூறு கலைச்சொல் ஆங்கிலம்-மலையாளம்-தமிழ் மூன்றிலும். இந்தப் பட்டியலை மூத்த மாணவர்களே தயாரிக்கலாம். எங்கே இடறினோம் என்று அவர்களுக்குத்தான் தெரியும். 2024 ஜூலையில் தொடங்கிய நான்காண்டுப் பட்டப் படிப்பில் மொழிப் பாடத் தேர்வுக்கு இடம் இருக்கிறது. ஆசிரியர் இருந்தால் தமிழையும் அங்கே வைக்கலாம்.

இரண்டாவது, ஒவ்வொரு முதலாண்டு மாணவருக்கும் ஒரு மூத்தவர். வாய்வார்த்தையாக அல்ல, கல்லூரிப் பதிவேட்டில் எழுதி, ஓர் ஆசிரியர் மேற்பார்வையில், மூத்தவருக்குச் சிறு ஊக்கத்தொகையோடு.

மூன்றாவது, சான்றிதழ்க் கோப்பு. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் தேடினால் கிடைக்காது. எட்டாம் வகுப்பிலேயே தேடத் தொடங்க வேண்டும். எஸ்டேட் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேடு, பி.எஃப். பதிவு, தோட்டப் பள்ளிக்கூடத்தின் சேர்க்கைப் பதிவேடு, தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவேடு என்று பாட்டியின் பெயர் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறதோ அங்கெல்லாம் போய் நகல் எடுக்க வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் இதை ஒரு கோடை விடுமுறை வேலையாக எடுத்துக்கொள்ளலாம்.

நான்காவது, கேலியைக் கேலி என்று தள்ளக் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 ராகிங் தடுப்பு விதிகளில் 2016-இல் ஒரு திருத்தம் வந்தது. ஒருவரின் மொழி அடையாளத்தையோ வட்டாரத்தையோ குறிவைத்துச் செய்யும் கொடுமையும் ராகிங்தான் என்று அது பச்சையாகச் சொல்கிறது. 'பாண்டி' என்று கூப்பிட்டவர் நண்பராகவே இருக்கலாம். ஒருமுறை நிறுத்திச் சொல்லுங்கள். நிற்காவிட்டால் விதி உங்கள் பக்கம்.

ஐந்தாவது, இரண்டு அரசுகளுக்கும். கேரள அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து எல்லை தாண்டிப் படிக்கவரும் பிள்ளைக்குத் தமிழ்நாடு ஓர் இலை போடட்டும். 1950-க் கேள்வியில் ஆவணம் இல்லாத தோட்டக் குடும்பங்களுக்கு, ஊர் விசாரணையின் பேரில் முடிவெடுக்கும் எளிய முறையைக் கேரளம் வகுக்கட்டும்.

மாணவர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு சொல். மலையாளத்தை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். பிழைப்புக்காக மட்டும் சொல்லவில்லை. தகழியின் 'செம்மீ'னையும் 'தோட்டியின் மக'னையும் தமிழுக்குத் தந்த சுந்தர ராமசாமி பழைய திருவிதாங்கூர் மண்ணில் வாழ்ந்தவர். ஆ. மாதவன் திருவனந்தபுரம் சாலைத்தெருவில் கடை வைத்துக்கொண்டே தமிழில் கதையும் கட்டுரையும் எழுதி, கட்டுரை நூலுக்குச் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றார். இரண்டு மொழி அறிந்தவன் பாதி ஆள் அல்ல, ஒன்றரை ஆள். உங்கள் தமிழ் மன்றத்துக்கு மலையாள நண்பர்களையும் கூப்பிடுங்கள்.

நான் நோட்டில் தப்பாக எழுதிய சொல்லுக்கு இப்போது திரும்புகிறேன். 'பரணகடன' என்பதில் கடன் என்று படித்தது பிழைதான். ஆனால் தமிழில் கடன் என்றால் வாங்கியது மட்டுமல்ல, செய்ய வேண்டியதும் கடன். 1956 நவம்பர் 1 அன்று அரசியல் சட்டத்தில் எழுதியது நமக்குத் தரவேண்டிய கடன், கேட்டு வாங்குவோம். மூணாற்று அண்ணன் எனக்குத் தந்த அரைமணிகள் நான் திருப்பித் தரவேண்டிய கடன். அதை யாரும் கேட்கமாட்டார்கள்.

அறக்கட்டளைக் குழுவினரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த ஆண்டிலிருந்து வட்டியில் பாதிதான் சொற்பொழிவுக்கு. மீதிப் பாதி, மெஸ் பில் கட்ட முடியாமல் பெட்டியைக் கட்டும் மாணவருக்கு. எனக்குத் தரவிருந்த சன்மானத்தையும் அதிலேயே சேர்த்துவிட்டேன்.

வெளியே வாசல் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் இருப்பவர்கள், தங்கள் பெயர், பாடம், வாரத்தில் எந்த நாள் அரைமணி நேரம் தரமுடியும் என்பதை அதில் எழுதிவிட்டுப் போங்கள். முதலாண்டு வகுப்பு தொடங்கும்போது அந்த நோட்டு தேவைப்படும்.